டிரைவர் ஜோபின் மனைவி

என் கணவரின் அண்ணன் ஜோப் எங்கே இருக்கிறார் என்று இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். கிசுமு பேருந்து நிலையத்தில் வேர்க்கடலை விற்கிறவனுக்குத் தெரியும். நைரோபியில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கும் வக்கீலுக்குத் தெரியும். காலையில் ரேடியோவில் கத்துகிறானே ஒருத்தன், அவனுக்கு வீட்டு விலாசமே தெரியும். தெரியாதது ஒரே ஒருத்திக்குத்தான். அவர் மனைவி ரிஸ்பாவுக்கு.

ரிஸ்பா எனக்கு ஓரகத்தி. எங்கள் மாமனாருக்கு இரண்டு மனைவிகள். மூத்தவளுக்கு ஜோப் ஒரே பிள்ளை. இளையவளுக்கு என் கணவர். ரிஸ்பா அலேகோவிலிருந்து வாழ வந்தவள், நான் யிம்போவிலிருந்து. அதனால் சாகிறவரை அவள் அலேகோக்காரி, நான் யிம்போக்காரி. ஒரே முற்றத்தில் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் போடாத சண்டை இல்லை. ஆனால் அவளைப் பற்றி வெளியாள் ஒருத்தன் வாயைத் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரேடியோக்காரர்கள் அவளைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று, நானும் கொஞ்சம் பேசிவிடுகிறேன்.

ஜோப், அமைச்சர் எஸ்ரா ஒகுதாவின் கார் ஓட்டுநர். ஒகுதா எங்கள் பக்கத்து ஆள். வாய்த்துடுக்கு உள்ளவர். நைரோபியில் பெரியவர்களுக்கு முன்னால் மற்ற அமைச்சர்கள் கைகட்டி நின்ற காலத்தில் இவர் மட்டும் கணக்குக் கேட்டார். ஜோபுக்கு அவர்மேல் அப்படி ஒரு பக்தி. தனக்கு மகன் பிறந்தபோது செத்துப்போன தாத்தா பெயரை விட்டுவிட்டு எஸ்ரா என்று வைத்தார். மாதத்துக்கு ஒரு தடவை அமைச்சர் தன் ஊருக்குப் போகிற வழியில் கார் எங்கள் வாசலில் நிற்கும். ஹார்ன் சத்தம் கேட்டதும் ரிஸ்பா அடுப்பிலிருக்கிற மீனை இறக்கிக்கொண்டு ஓடுவாள். அமைச்சர் காரில் சாய்ந்து நின்றபடியே சாப்பிட்டுவிட்டு விரலை நக்குவார். ஏரிக்கரையில் ஓமேனாப் பொடிமீன் கருவாடு விற்கிற பொம்பளையின் கையால் அமைச்சர் சாப்பிட்டார் என்பதை அவள் ஒரு வருஷம் சொல்லித் திரிந்தாள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

பெருமழைக் காலத்தில் ஒரு சனிக்கிழமை அமைச்சரின் கார் நகரத்தைத் தாண்டிய கரும்புத் தோட்டத்து ஓரத்தில் நின்றது. பின்சீட்டில் அமைச்சர் சுடப்பட்டுச் செத்துக் கிடந்தார். வண்டியில் சாவி இருந்தது. ஓட்டுநர் சீட்டில் ஆளில்லை, அந்தப் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது.

அந்தத் திறந்த கதவு எங்கள் குடும்பத்தை ஒழித்துக்கட்டியது. கதவு திறந்திருந்தால் ஓட்டுநர் இறங்கியிருக்கிறான். இறங்கியிருந்தால் ஓடியிருக்கிறான். ஓடியிருந்தால் அவனுக்கு முன்பே தெரியும். இப்படி மூன்றே எட்டில் ஊர் தீர்ப்பை எழுதிவிட்டது.

ரிஸ்பா மட்டும் முதல் நாளே சொன்னாள். "அவர் ஓடுற ஆளில்ல. ஐயாவை விட்டுட்டு வர மாட்டார். கூடவே கொன்னு எங்கேயோ போட்டிருக்காங்க." அதற்குப் பிறகு அவள் வாழ்நாளெல்லாம் கேட்டது அது ஒன்றைத்தான். உடம்பு கிடைக்க வேண்டும், அதைக் கொண்டுவந்து முறைப்படி வீட்டின் வலப்பக்கத்தில் புதைக்க வேண்டும், அவர் ஓடிப்போனவர் இல்லை என்று ஊர் பார்க்க வேண்டும்.

அமைச்சர் சாவுக்கு நாடே வந்தது. ரிஸ்பாவும் போகத்தான் வேண்டும் என்றாள். வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. நானும் கூடப் போனேன். வாசலில் அமைச்சர் வீட்டுப் பெண்கள் அவளை அடையாளம் கண்டுகொண்டார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு மண்ணை அள்ளி எறிந்தார்கள். அவர்களில் ஒருத்தி, போன மாதம்வரை ஜோபை "தம்பி" என்று கூப்பிட்டவள், சொன்னாள்: "எவ்வளவுக்குடி வித்தான் உன் புருஷன்?" ரிஸ்பா தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிடாமல் வீடுவரைக்கும் நடந்தாள். நான்தான் வழியெல்லாம் அந்தப் பெண்களின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் கதைகள் கிளம்பின. சர்க்கரை இறக்குமதியில் யாரோ பெரிய கை அடித்த கொள்ளையை அமைச்சர் கண்டுபிடித்துவிட்டார், அதனால் கொன்றார்கள் என்றது ஒரு கதை. இல்லை, அவருடைய இரண்டாவது மனைவியின் அண்ணன்கள் என்றது இன்னொன்று. வெள்ளைக்காரர்களின் உளவுப் படை என்றார்கள். செத்தது அமைச்சரே இல்லை, அவரைப்போல இருந்த ஒரு தையல்காரர் என்றுகூட ஒரு கூட்டம் நம்பியது. அமைச்சர் வெளிநாட்டில் தாடி வளர்த்துக்கொண்டிருக்கிறாராம். எந்தக் கதையை எடுத்தாலும் கொன்றவன் மாறுவான், காரணம் மாறும். ஜோப் மட்டும் எல்லாக் கதையிலும் அதே கதவைத் திறந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.

அரசாங்கம் ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது. கிசுமு நகர மண்டபத்தில் நீதிபதி உட்கார்ந்திருந்தார். ரிஸ்பாவைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு எங்கள் மொழி தவிர வேறெதுவும் வராது. மொழிபெயர்க்க ஒரு பையனை நிறுத்தியிருந்தார்கள். பேருக்கு எங்கள் ஆள், ஆனால் நைரோபியில் பிறந்து வளர்ந்தவன். அவன் பேசின எங்கள் மொழியில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை.

உன் கணவர் எங்கே என்று கேட்டார்கள்.

ரிஸ்பா என்ன சொல்வாள்? உடம்பைக் கண்ணால் பார்க்காமல் புருஷன் செத்துவிட்டான் என்று எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். அந்த வார்த்தையை வாயில் எடுத்தால் நாமே கொன்றது போல. அதனால் சாவை எங்கள் பக்கத்தில் எல்லோரும் மறைத்துச் சொல்கிற மாதிரி சொன்னாள். "அவர் போயிருக்கார்."

அந்தப் பையன் அதைப் பயணம் போயிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டான். நீதிபதி தலையை நிமிர்த்தினார். எங்கே போயிருக்கிறார் என்று கேட்டார். ரிஸ்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் போற இடத்துக்குத்தான்" என்றாள். பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, சாட்சி இடத்தைச் சொல்ல மறுக்கிறார் என்று சொன்னான். மண்டபத்தில் இருந்த எங்கள் கிழவர்கள் இரண்டு பேர் எழுந்து கத்தினார்கள். காவலர்கள் அவர்களை வெளியே தள்ளினார்கள். மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: டிரைவர் பயணம் போயிருக்கிறார், மனைவி ஒப்புதல்.

கமிஷன் பாதியில் கலைக்கப்பட்டது. அறிக்கை வரவே இல்லை. அந்தத் தலைப்பு மட்டும் நின்றுவிட்டது. பயணம் போனவன் எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமே, முதலில் உகாண்டா என்றார்கள், பிறகு எப்படியோ கனடாவில் கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கே படிக்கப் போன எங்கள் பையன் ஒருத்தன் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தானாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். வருஷம் ஆக ஆக அந்த ஜோபுக்கு அங்கே டாக்ஸி வந்தது, வெள்ளைக்காரப் பெண்டாட்டி வந்தாள், தொப்பைகூட வந்தது. எங்கள் ஜோப் குச்சி மாதிரி இருப்பார். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

ஒரு சொல்லைத் திரும்பப் பிடிக்க ரிஸ்பா அலையாத இடமில்லை. பத்திரிகை அலுவலகத்துக்குப் போனாள், பாதிரியாரிடம் போனாள், அடுத்த கமிஷன் வந்தபோது அதன் வாசலில் போய் நின்றாள். உள்ளே விடவில்லை. ஏற்கெனவே வாக்குமூலம் கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் வேறு தொல்லை. விதைப்பு எங்கள் பக்கம் வரிசைப்படிதான். மூத்தவர் வீடு விதைக்காமல் இளையவர் வீடு மண்ணைத் தொடக்கூடாது. மூத்தவர் வீட்டில் விதையை வெளியே எடுக்க வேண்டுமென்றால் முந்தின ராத்திரி புருஷன் வீட்டில் படுத்திருக்க வேண்டும். விதவை என்றால் அதற்கு வேறு முறை உண்டு. இவளோ மனைவியும் இல்லை, விதவையும் இல்லை. பக்கத்துக் காட்டில் சோளம் முழங்காலுக்கு வந்துவிடும், நான் விதைக்கூடையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரியவர்கள் கூடிக் குடித்துப் பேசி ஏதோ ஒரு பரிகாரம் சொல்வதற்குள் பாதி மழை போய்விடும். ஒரு வருஷம் எனக்குப் பொறுக்கவில்லை. "ஒண்ணு அவரைச் சாகடி, இல்லேன்னா வரச்சொல்லு, எம் பிள்ளைங்க பட்டினி கிடக்க முடியாது" என்று முற்றத்தில் நின்று கத்தினேன். அவள் கோபப்படவில்லை. "ரெண்டுமே என் கையில இல்லையே, யிம்போக்காரி" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் கோபமாகக் காட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

உடம்பு கிடைக்காதவர்களுக்கு எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. யாகோ மரத்தில் கை நீளத்துக்குச் சுரைக்காய் மாதிரி கனமாகக் காய் தொங்கும். ஏரியில் மூழ்கிக் கிடைக்காமல் போனவர்கள், தூர தேசத்தில் செத்து அங்கேயே மண்ணானவர்கள், இவர்களுக்குப் பதிலாக அந்தக் காயைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, அழவேண்டிய அழுகையெல்லாம் அழுது புதைப்போம். புதைத்துவிட்டால் ஆள் செத்தாயிற்று. பிறகு அவரே நடந்து வந்தாலும் வாசலுக்குள் விடமாட்டோம்.

ஜோபின் அம்மா உயிரோடு இருந்தவரை அதற்குச் சம்மதிக்கவில்லை. கொலைகாரனாக இருந்தாலும் பரவாயில்லை, என் பிள்ளை கனடாவில் உயிரோடு இருக்கட்டும் என்பது அவள் கட்சி. ரிஸ்பாவின் கட்சி நேர் எதிர். செத்திருந்தாலும் பரவாயில்லை, கையில் ரத்தம் இல்லாதவராக இருக்கட்டும். ஒருத்திக்கு உயிர், ஒருத்திக்குப் பெயர். மாமியாரும் மருமகளும் இதற்காக ஒரே அடுப்பில் சமைக்காமல் பல வருஷம் இருந்தார்கள். மாமியார் கண்ணை மூடினபிறகுதான் ரிஸ்பா பெரியவர்களிடம் போய் யாகோ புதைக்க வேண்டும் என்று கேட்டாள்.

அப்போது அவள் மகன் எஸ்ராவுக்கு இருபது வயது இருக்கும்.

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பெயரே கிடையாது. ஓடிப்போனவன் மகன், அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகள் கார் விளையாட்டு விளையாடுவார்கள். ஒருத்தன் அமைச்சர், இரண்டு பேர் சுடுகிறவர்கள், இவன்தான் ஓட்டுநர். கதவைத் திறந்து ஓட வேண்டும். ஓடாவிட்டால் அடிப்பார்கள். பெரியவனானதும் கிசுமுவுக்கு வேலை தேடிப் போனான். அங்கே பூங்காவில் மரத்தடிப் பாராளுமன்றம் என்று ஒன்று நடக்கும். வேலையில்லாதவர்கள், ஓய்வு பெற்றவர்கள், பத்திரிகை ஓசியில் படிக்கிறவர்கள் எல்லோரும் கூடி நாட்டை ஆள்வார்கள். அவர்கள்தான் எஸ்ராவுக்கு முதன்முதலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஒகுதாவின் டிரைவர் மகன் வந்திருக்கிறார், வழி விடுங்கள் என்றார்கள்.

அவர்களிடம் ஒரு புதுக் கதை இருந்தது. ஜோப் கொலையில் சேர்ந்தவர் இல்லை. கொன்றவர்களைக் கண்ணால் பார்த்தவர். அமைச்சரின் தாள்களை எடுத்துக்கொண்டு தப்பித்தார். கனடாவில் ஒளிந்திருக்கிறார். அரசாங்கம் மாறினதும் வந்து எல்லாவற்றையும் சொல்வார். யோசித்துப் பாருங்கள், அந்தப் பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும். அப்பாவுக்கு உயிரும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. அம்மாவும் பாட்டியும் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டதை மரத்தடிக்காரர்கள் முழுசாகத் தூக்கிக் கொடுத்தார்கள்.

யாகோ புதைக்கிற அன்று மூத்த மகன்தான் முதல் மண்ணைப் போட வேண்டும். எஸ்ரா வந்தான். பெட்டிக்குள் காயை ஜோபின் நீலச் சட்டையில் சுற்றி வைத்திருந்தோம். ரிஸ்பா அதன்மேல் விழுந்து அழுத அழுகை, அத்தனை வருஷத்து அழுகை. குழிக்கு முன்னால் எஸ்ராவின் கையில் மண்ணைக் கொடுத்தார்கள். அவன் கையைத் திறந்து மண்ணைக் கீழேயே கொட்டினான்.

"நாளைக்கு அப்பா வந்தா எந்த வாசல் வழியா வருவார்?" என்று கேட்டான். "நீயே அவரைப் பூட்டி வெளியே நிறுத்துறியேம்மா."

என் கணவர்தான் அவனுக்குப் பதிலாக மண்ணைப் போட்டார். ரிஸ்பாவுக்குத் தலை மழித்தோம். ஒருவழியாக அவள் விதவையானாள், நான் மழைக்குச் சரியாக விதைத்தேன். ஆனால் ஊர் வாயை மூட முடியவில்லை. பார்த்தீர்களா, ஆள் செத்துவிட்டான் என்று காட்டத்தான் காயைப் புதைத்திருக்கிறார்கள், இனிமேல் போலீஸ் தேடாது, அவன் நிம்மதியாக இருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். அழுததுகூட நடிப்பாம்.

அதற்குப் பின் அரசாங்கம் மாறியது. எஸ்ரா புதுச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு நைரோபி விமான நிலையத்துக்குப் போய் நின்றான். ஒரு வாரம் நின்றான் என்று சொல்வார்கள். திரும்பி வந்து பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடித்தான். பிழைத்ததே பெரிய விஷயம். ஆஸ்பத்திரியில் அவன் தலைமாட்டில் ரிஸ்பா உட்கார்ந்திருந்தபோது மரத்தடிக்காரர்கள் வந்து, மாறின அரசாங்கமும் அதே ஆட்கள்தான், உங்கப்பா புத்திசாலி, அவசரப்படமாட்டார் என்று சொன்னார்கள். அவன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். அதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வயது போயும் அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனி வீடு போடவில்லை. எங்கள் முறைப்படி அப்பா கோடாலியும் சேவலும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்து மகனுக்கு மனை காட்ட வேண்டும். சித்தப்பாவும் செய்யலாம். என் கணவர் எத்தனையோ தடவை கூப்பிட்டார். "அப்பா வந்து காட்டுவார், சித்தப்பா" என்பான். நாற்பதை எட்டினபோதும் நகரத்தில் ஒரு தகர அறையில் குடியிருந்தான். ரேடியோவில் பேசுவான், செல்போனில் அவன் பேசுவதை ஆயிரக்கணக்கில் பார்க்கிறார்கள் என்பார்கள். என் கணவரும் பிறகு போய்ச் சேர்ந்தார். எனக்கு எல்லாம் பெண் பிள்ளைகள். குடும்பத்தில் ஆண் என்று மிஞ்சினது எஸ்ரா ஒருத்தன்தான்.

போன வருஷம் அந்தக் கரும்புத் தோட்டத்து வழியாகச் சாலையை அகலப்படுத்தினார்கள். வடிகாலுக்குத் தோண்டின இடத்தில் எலும்புகள் வந்தன. அமைச்சரின் கார் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். மாவட்டப் போலீஸிலிருந்து ரிஸ்பாவுக்கு ஆள் வந்தது. நானும் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டாக்டர் சின்னப் பெண். எங்கள் மொழியில் பக்குவமாகப் பேசினாள். எலும்புகளைக் காட்டவில்லை, வாயால் சொன்னாள். ஆணின் எலும்பு. கையைக் கம்பியால் பின்னால் கட்டியிருக்கிறார்கள். மண்டையின் பின்பக்கம் குண்டு துளைத்திருக்கிறது. வயசும் காலமும் ஒத்துவருகிறது.

"இவர் உங்க வீட்டுக்காரரா இருந்தா, அவர் ஓடலம்மா. அன்னைக்கே அவரையும் கொன்னிருக்காங்க. நீங்க சொன்னதுதான் சரி" என்றாள்.

ரிஸ்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் முன்பு பார்த்ததில்லை. புருஷன் கையைக் கட்டிச் சுட்டார்கள் என்று கேட்டு ஒரு பெண் சந்தோஷப்படுகிற நிலைக்கு அவளைக் கொண்டுவந்திருக்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. உறுதிப்படுத்த மகனின் எச்சில் கொஞ்சம் வேண்டும் என்று டாக்டர் சொன்னாள். எலும்போடு கிடைத்த சாமான்கள் போலீஸ் வசம் இருக்கின்றன, அடுத்த வாரம் கொண்டுவருவார்கள், அதில் எதையாவது ரிஸ்பா அடையாளம் காட்டினாலும் போதும் என்றாள்.

எஸ்ரா அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஆள் இளைத்திருந்தான். அப்பனின் உடம்புவாகு அப்படியே. ரிஸ்பா மீன் பொரித்துச் சோளக்களி கிண்டி வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அரசாங்கத்து எலும்புமா அது. எங்கேயோ தோண்டி எடுத்து அங்கே போட்டிருக்காங்க. ஃபைலை மூடணும் அவங்களுக்கு."

"எச்சில்தானேடா கேக்கிறாங்க. இல்லேன்னா இல்லேன்னு வந்துடும்."

"நான் கொடுத்தா ஆமான்னுதான் எழுதுவாங்க."

மீன் ஆறிப்போனது. நான் இடையில் புகுந்து, ஏண்டா, அம்மா வயசைப் பார்க்கக்கூடாதா என்று ஏதோ சொன்னேன். அவன் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே பேசினான்.

"நீதாம்மா கமிஷன்ல சொன்னே, போயிருக்கார்னு. அதைப் பிடிச்சுக்கிட்டுதான் நான் வளர்ந்தேன். இப்ப வந்து அவர் அன்னைக்கே அந்தக் குழியில கிடந்தார்னா, நான் இத்தனை நாளா யாருக்காகக் காத்திருந்தேன்? எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. கையில் எடுத்த களியை உருட்டிக்கொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ரிஸ்பா அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து குடித்துக் கிடந்த பிள்ளையின் முகத்தை அவள் மறுபடி பார்த்தாள் என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நானும் அதைத்தான் பார்த்தேன்.

அவன் சாப்பிடாமலேயே நகரத்துக்குத் திரும்பிப் போனான்.

அடுத்த வாரம் நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மேசைமேல் வெள்ளைத் தாளைப் பரப்பி சாமான்களை வைத்திருந்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. நைலான் துணியின் ஒரு துண்டு, இரண்டு நாணயம், ஒரு பெல்ட்டின் கொக்கி. தோல் மக்கிப்போய்விட்டது, கொக்கி மட்டும் துருவோடு கிடந்தது. ஒரு போலீஸ்காரர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கொக்கியின் நடுக்கம்பி கடையில் வாங்கியபோது இருந்த கம்பி இல்லை. முன்பு ஒருநாள் அது உடைந்து ஜோப் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு எங்கள் முற்றத்தில் நின்றார். அமைச்சர் காரில் காத்திருக்கிறார். என் கணவர் சைக்கிள் பழுது பார்க்கிறவர். சக்கரத்துக் கம்பி ஒன்றை வெட்டி வளைத்து அதில் மாட்டிக் கொடுத்தார். ரிஸ்பா பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பி, என் கணவர் வளைத்த அதே வளைவோடு, மேசைமேல் கிடந்தது.

ரிஸ்பா அதைக் கையில் எடுத்தாள். கட்டைவிரலால் அந்த வளைவைத் தடவினாள். நீண்ட நேரம் தடவினாள். பிறகு தாளின்மேல் எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"இல்லை" என்றாள். "இது எங்க வீட்டுக்காரரோடது இல்லை."

டாக்டர் பெண் நன்றாகப் பாருங்கள் அம்மா என்றாள். ரிஸ்பா பார்த்துவிட்டேன் என்றாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். போலீஸ்காரர் எழுதி அவள் பெருவிரலில் மை தடவிப் பதித்துக்கொண்டார். யாரும் கேட்டு வராத எலும்பை நகராட்சி இடுகாட்டில் மற்றவற்றோடு சேர்த்துப் புதைத்துவிடுவோம் என்றார். எந்த இடம் என்று ரிஸ்பா கேட்கவில்லை. கேட்டால் சந்தேகம் வரும்.

வெளியே வந்ததும் நான் அவளைப் பிடித்து உலுக்கினேன். "என்ன காரியம் பண்ணிட்டேக்கா. இதுக்குத்தானே இத்தனை வருஷம் மண்ணு வாங்கினே. கையில வந்ததைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு வரியே."

அவள் நடந்துகொண்டேதான் பதில் சொன்னாள். "அவருக்கு ஒரு காயாவது குழியில இருக்கு, யிம்போக்காரி. இவனுக்கு என்ன இருக்கு?"

வேன் நிற்கிற இடத்துக்கு அவள் பின்னாலேயே நடந்தேன். ஊர் முப்பது வருஷமாகச் சொன்ன பொய்க்கு எதிராக நின்றவள் அவள் ஒருத்திதான். கடைசியில் அந்தப் பொய்க்கு வேண்டிய சாட்சியைக் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறாள். இனி ஜோப் ஓடிப்போனவர்தான். யாராலும் மாற்ற முடியாது. அவர் மனைவியே சொல்லிவிட்டாள்.

வேனில் ஏறி உட்கார்ந்தோம். ஓட்டுநர் ரேடியோவைச் சத்தமாக வைத்திருந்தான். நாங்கள் ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. கண்டெடுத்த எலும்புகள் டிரைவர் ஜோபினுடையவை அல்ல என்று மனைவி மறுப்பு, அரசாங்கத்தின் நாடகம் அம்பலம் என்று ஒருத்தன் மூச்சுவிடாமல் பேசினான். முன்சீட்டில் இருந்த ஒருத்தர், எனக்கு அப்பவே தெரியும், ஆள் கனடாவில் சொகுசாக இருக்கிறான் என்றார். வேனில் இருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். ரிஸ்பா துணியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அவள் செல்போன் அடித்தது. எஸ்ரா. இரைச்சலில் அவன் பேசுவது எனக்கே கேட்டது. சின்னப் பிள்ளை மாதிரி சிரிக்கிறான். "அம்மா, நான் சொன்னேன்ல? சொன்னேன்ல? அவர் இருக்கார்மா."

"ஆமாப்பா" என்றாள் ரிஸ்பா. "நீ சொன்னதுதான் சரி. சாப்பிட்டியா?"